சென்யாவின் தலை

(சொல்லிடலாமா? வேண்டாம். வாய் நிறைய அரிசி உருண்டையோட சிரிச்சிட்டு இருக்கார் மனுஷர். இப்ப வேண்டாம்.)

— என்ன ஓதாகி, உளியைக் கையில வச்சுக்கிட்டு யோசனை? வெட்டச் சொன்னது என் தலையைத்தானே கண்ணு, உன் தலையையா?

— சென்யா அண்ணே, படம் அச்சடிக்கிற இந்தக் கட்டையில உங்க கூந்தலை மட்டும் ஆறு நாள் செதுக்கியிருக்கேன். இழை இழையா.

— நாடகம் நாளான்னிக்கு. எனக்குப் பதிலா இளவரசியா மேடைக்கு வர்றது என் சிஷ்யன் கிகுமா. கொட்டகை வாசல்ல என் படத்தை வித்தா ஜனங்க சும்மா விடுமா? என் முகத்தைக் குடைஞ்சு எடு. அந்தக் குழியில புது மரத்துண்டை அடிச்சு அவன் முகத்தைச் செதுக்கு. நீ பண்ணாத வேலையா?

— நூறு தடவை பண்ணியிருக்கேன். ஆனா உங்க மூக்கை எடுத்த குழியிலயே அவன் முகம் முழுசா அடங்கிடுமே!

— அடிப்பாவி! எடோ நகரம் பூரா கொண்டாடின மூக்குடி இது!

— அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கே மனசு வருதா?

— முழங்கால் விட்டுடுச்சே கண்ணு. நேத்து ஒத்திகையில எழுந்தேன் பாரு, முட்டி ‘மடக்’னு போட்ட சத்தத்துல மேளக்காரன் தாளத்தையே தப்பவிட்டுட்டான்.

— ஐயோ அண்ணே, கையில உளி இருக்கு, சிரிக்க வைக்காதீங்க!

— தலை போனா போகுது. கட்டையில இந்தக் கையைப் பாரு. விசிறி மேல அந்தச் சுண்டுவிரல் மடங்குற அழகு! முப்பது வருஷப் பழக்கம். கழுத்து சாயுது பாரு, இடுப்பு ஒடியுது பாரு. முகம் அவனோடதா இருந்தாலும் உடம்பு பூரா நான். எனக்கு அது போதும். வெட்டு.

— வேற கட்டை வெட்டித் தர்றேன்.

— நாளான்னிக்குள்ளயா? பைத்தியமா உனக்கு? தலையை மட்டும்தானே கேக்கறேன்!

— இதுல மாட்டேன்.

— ஏண்டி?

— இந்தப் படத்தை வரைய ஓவியர் கொட்டகைக்கு வந்த அன்னிக்கு, முழங்கால் வலின்னு நீங்க வரலை. உங்க உடுப்பைப் போட்டு, விசிறியோட நின்னது கிகுமா. முகத்தை மட்டும் உங்க பழைய படத்தைப் பாத்து எழுதினார்... அண்ணே, இதுல உங்களோடது அந்த முகம் ஒண்ணுதான். அதை நான் எடுக்க மாட்டேன்.