ஓடை வளைவில் ஒரு கோடு

— சாவியைக் கொடுடா, நான் கிளம்பணும்.

— உட்காருக்கா. மாடி ஏறி வந்த மூச்சே இன்னும் அடங்கல.

— இது மாடி ஏறின மூச்சு இல்ல, ஆத்திரம். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் ஓடல, அதுக்கும் சேத்துதான். ஷெட்டு சாவி, சங்கத்து மஞ்சச் சட்டை, ரெண்டும் இப்ப என் கைக்கு வரணும்.

— நாளைக்குத் தர்றேனே.

— நாளைக்குக் காலைல மலைப்பாதை கேட்டைத் திறக்கிறாங்க. மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் ஷெட்டுக்குள்ள கிடக்கு. அப்ப வந்து உன் வாசல்ல நின்னு நான் கெஞ்சணுமா? சைக்கிள் சங்கத்தை விட்டு நீக்கின ஆள்கிட்ட சங்கத்துச் சாவி எதுக்கு?

— அண்ணி, முதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க.

— வேணாம்மா. உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. உன் புருஷன் மேலதான்.

— எனக்கும் இவர் மேலதான் கோபம். அதனால தைரியமா குடிங்க.

— கொடு. நீயே நியாயத்தைக் கேளு. அந்தப் பாதைல சைக்கிள் ஓட்ட அனுமதி வாங்க நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல. கன்னம் வீங்கி வந்தவங்களைக்கூட 'நாளைக்கு வாங்க'ன்னு அனுப்பிட்டு, கிளினிக்கைப் பூட்டிட்டு, வன இலாகா பெஞ்சுல போய் உட்காருவேன். 'மலையில சைக்கிளா? பல் டாக்டருக்கு எதுக்கு மேடம் இந்த வேண்டாத வேலை?'ன்னு சிரிப்பாங்க. சிரிச்ச அத்தனை பேர் பல்லும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஒருத்தருக்கும் ஒழுங்கா இல்ல.

— அக்கா, இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

— தெரிஞ்சா என்ன, இன்னொரு தடவை கேக்கட்டும். நீ வாயைத் திறக்காத. அனுமதி சும்மா குடுத்தாங்களா? பாதையைப் பராமரிக்கிறது உங்க பொறுப்புன்னு தலையில கட்டிக் குடுத்தாங்க. சரின்னு வாங்கிக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை ஊரே போர்வைக்குள்ள கிடக்கும். நாங்க மலையில வாய்க்கால் வெட்டிட்டு இருப்போம். விழுந்த மரத்தை நகத்தினோம், அரிச்ச இடத்துல கல் அடுக்கினோம். மழை பெஞ்சா மண் காயுற வரைக்கும் யாரும் சைக்கிளைத் தொடக் கூடாதுன்னு நாங்களே எங்களுக்கு விதி போட்டுக்கிட்டோம். குதிகாலை அழுத்திப் பாரு, தடம் விழுந்தா திரும்பிப் போ. இதுதான் சங்கத்துல முதல் பாடம். இந்தப் பாடத்தை யார் வச்சதுன்னு இவனையே கேளு.

— நான்தான்.

— இவன்தான்! இவனே வச்சு, இவனே உடைச்சான்.

— அண்ணி...

— இரும்மா, முடிக்கல. அந்த நடைப்பயிற்சிக்காரங்க சங்கத்துத் தலைவர் இருக்காரே, வெள்ளைத் தொப்பி. அவர் எத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தாரோ! மழை விட்ட மறுநாள் கேமராவைத் தூக்கிட்டுப் போயிருக்காரு. கேட்டுல இருந்து ஓடை வளைவு வரைக்கும் சேத்துல நீளமா ஒரு கோடு, ஒரு சாண் ஆழத்துக்கு. 'பாருங்க, சைக்கிள்காரங்க பண்ணின அக்கிரமம்'னு ரேஞ்சர் மேஜையில கொண்டு போய் வச்சாரு. அன்னைக்கே கேட்டுக்குச் சங்கிலி. இலாகா ஜீப்பு அதே மலையில பறிச்ச பள்ளத்துல தவளை குடும்பம் நடத்துது, அதைக் கேக்க நாதி இல்ல! எங்க சக்கரம் ஒரு கோடு போட்டா மட்டும் மலையே இடிஞ்சு போச்சாம்!

— ஜீப் விஷயத்தை ரேஞ்சர் கூட்டின கூட்டத்துலயே நீ கேட்டியேக்கா.

— கேட்டேன். 'அது அரசாங்க வண்டி'ன்னாரு. சேத்துக்கு அரசாங்க வண்டி எது, என் வண்டி எதுன்னு தெரியுமா? கேக்குறேன்ல, தெரியுமா?

— தெரியாதுக்கா.

— அப்புறம் என்ன சொன்னாரு, நீயும் கேட்டுட்டுதானே இருந்த? 'ஒரு ஆள் திமிர்ல ஓட்டியிருந்தா அந்த ஆளை வெளிய அனுப்புங்க, கேட்டைத் திறக்கிறேன். பராமரிக்கிறோம்னு சொல்ற கூட்டமே பாதையைக் கெடுத்திருந்தா நீங்களும் வேணாம், உங்க பராமரிப்பும் வேணாம், மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க'ன்னாரு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறேன். எங்க ஆளுங்க யாரும் ஓட்டியிருக்க மாட்டாங்க சார், நான் கேரண்டின்னு சொல்ல வாயைத் திறக்கிறேன். பின் வரிசையில இருந்து இவன் எழுந்திருக்கிறான். 'நான்தான் ஓட்டினேன்.' வெள்ளைத் தொப்பி முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு, அதைப் பாக்கிறதுக்கு நான் அந்த ஓடையிலயே விழுந்திருக்கலாம்!

— அதான் எல்லார் முன்னாடியும் நீக்கிட்டியே. விடுக்கா.

— நீக்காம? தம்பின்னு மடியில வச்சுக்கிட்டா 'சொந்தக்காரனுக்கு ஒரு விதி, மத்தவங்களுக்கு ஒரு விதியா?'ன்னு என் மூஞ்சியிலயே துப்ப மாட்டாங்க? நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போனப்போ எனக்கு வயிறு எரிஞ்சுச்சுடா. ஆனா போகட்டும்னுதான் இருந்தேன். எது தாங்கலன்னு சொல்லட்டுமா?

— சொல்லு.

— அன்னைக்கு மழையில ஓடை வளைவு அரிக்குதுன்னு தகவல் வந்ததும் உனக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். 'டியூட்டிக்கா, ஆஸ்பத்திரி லிஃப்டுல ஆள் மாட்டிக்கிச்சு'ன்ன. சரின்னு நம்பினேன். ஒருத்தரும் வரல. நான் ஒத்தை ஆளா தொப்பலா நனைஞ்சு, கேட்டுல கொட்டியிருந்த கல்லை நடை நடையா கொண்டு போய் வளைவுல அடுக்கினேன். இடுப்பு இன்னும் நிமிரல. நான் அங்க பாதையைக் காப்பாத்திட்டு இருக்கேன், நீ டியூட்டின்னு பொய் சொல்லிட்டு, நான் வீட்டுக்குப் போனதும் அதே பாதையைச் சைக்கிள்ல உழுதிருக்க. கூடப் பிறந்தவன் செய்யிற வேலையாடா இது?

— ஏங்க, இப்பவாவது வாயைத் திறங்க.

— நீ சும்மா இரு.

— நல்லா இருக்கே நியாயம்! நான் சும்மா இருந்து இருந்துதான் இங்க வந்து நிக்குது. அண்ணி, அன்னைக்கு இவர் டியூட்டிக்குத்தான் போனார். உடம்பெல்லாம் கிரீஸோட வந்தார், அந்தச் சட்டையை ஊற வச்சதே நான்தான்.

— டியூட்டி முடிஞ்சு போயிருப்பான்.

— எதுல போவார்? இவர் சைக்கிள் அந்த வாரம் முழுக்க பால்கனியில அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சுக் கிடந்துச்சு. சக்கரம் ஒரு மூலையில, செயின் ஒரு மூலையில. மழைத் துணி காயப் போட இடமில்லாம நான் போட்ட சண்டை கீழ் வீடு வரைக்கும் கேட்டுச்சு. பேரிங் வரல, பேரிங் வரலன்னு இன்னும் மாட்டாம வச்சிருக்கார். வேணும்னா போய்ப் பாருங்க.

— என்னடா சொல்றா இவ?

— அவளுக்கு நாள் கணக்கு குழப்பம்.

— எனக்கா? அரிசி என்னைக்குத் தீரும்னு சொல்றவளுக்கா நாள் குழப்பம்?

— அப்ப நீ ஓட்டல?

— அக்கா, கேட்டு திறக்குதுல்ல? அதோட விடு.

— ஓட்டல! ஓட்டாதவன் எதுக்குடா எழுந்து நின்ன? யாரைக் காப்பாத்துற? நம்ம சங்கத்துல இருக்கிற அந்த பேங்க்காரனையா? அவனுக்குத்தான் மழையைக் கண்டா கால் நிக்காது. அவனா? நாளைக்கு அவன் கேட்டுக்கிட்ட வரட்டும், இருக்கு அவனுக்கு! என் தம்பியை நான் என் வாயாலயே நீக்கியிருக்கேன், அவன் பின்னாடி உட்காந்து கைதட்டியிருக்கான்!

— பேங்க்காரர் இல்லக்கா. பாவம், அவரை இழுக்காத.

— அப்ப யாரு? கேக்குறேன்ல?

— யாரும் இல்ல.

— யாரும் இல்லாம கோடு தானா விழுமா? நகரு, நான் பால்கனியைப் பாக்கணும். இருக்கிற சைக்கிளையாவது கண்ணால பாத்துக்கிறேன்.

— அங்க போகாதக்கா. ஒரே தூசி.

— போங்க அண்ணி, நல்லா போய்ப் பாருங்க. சைக்கிள் பத்தாதுன்னு அந்த மண் அள்ளுற ஒத்தைச் சக்கர வண்டியையும் கொண்டாந்து போட்டு வச்சிருக்கார். யாராவது அதை ரெண்டாம் மாடிக்கு ஏத்துவாங்களா? படிக்குப் படி கொல்லன் பட்டறை மாதிரி சத்தம். எதிர் வீட்டுக்காரம்மா 'வீட்டுக்குள்ள தோட்டம் போடுறீங்களா?'ன்னு கேக்கறாங்க.

— நம்ம கல் வண்டியா? அது ஷெட்டுலதானே இருக்கணும்?

— கைப்பிடி லூசா இருந்துச்சு. முறுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்.

— முறுக்குறதுக்கு ஒரு ஸ்பேனரை மலைக்குக் கொண்டு போறவன், வண்டியை மாடிக்குக் கொண்டு வந்தியா? அதுவும் போர்வை போட்டு மூடி? குளிருதா அதுக்கு?

— அது என் நல்ல போர்வை அண்ணி.

— கைப்பிடி ஆடவே இல்லையேடா. கல்லு மாதிரி இருக்கு.

— முறுக்கிட்டேன்.

— இதுவரைக்கும் உருப்படியா ஒரு பொய் சொல்லியிருக்கியா நீ? சக்கரத்தை மட்டும் பளபளன்னு கழுவி வச்சிருக்க. காலைக் கழுவல. பாரு, நிறுத்தி வைக்கிற இந்த ரெண்டு காலுலயும் சேறு காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. சிவப்பு மண்ணு. இது ஓடை வளைவு மண்ணுல்ல?

— அக்கா, உள்ள வா. காபி போடச் சொல்றேன்.

— என் கைப்பையைக் கொண்டாம்மா. போனு உள்ள இருக்கு. அந்த வெள்ளைத் தொப்பி எடுத்த போட்டோ.

— இந்தாங்க அண்ணி.

— இங்க பாரு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் குழி. கொஞ்ச தூரம் போனா மறுபடியும் ரெண்டு குழி. நான் என்ன நினைச்சேன்? இவன் அங்கங்க நின்னு, ரெண்டு காலையும் ஊணி மூச்சு வாங்கியிருக்கான்னு நினைச்சேன். செருப்புக் கால் இவ்வளவு சின்ன குழியா விழுமா? ஏன் எனக்குத் தோணல?

— நீ கோபத்துல இருந்தக்கா.

— வளைவைப் பாரு. சைக்கிள்னா வளைவுல முன் சக்கரம் ஒரு கோடு, பின் சக்கரம் ஒரு கோடுன்னு பிரியும். புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் நான் சொல்லிக் குடுக்கிறது இது. இங்க வளைவு முழுக்க ஒரே கோடு. ஒரே சக்கரம்.

— அண்ணி, உட்காருங்க. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு.

— நடை நடையா கல்லை எடுத்துட்டுப் போனேன்னு சொன்னேன்ல? இந்த வண்டியிலதான் நிறைய நிறைய ஏத்தி, ஒரே தடத்துல முக்கி முக்கித் தள்ளினேன். இடுப்பு வலிச்சப்போ எல்லாம் நடுவுல இறக்கி வச்சேன். ஈர மண்ணுல. குதிகாலை அழுத்திப் பாருன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறவ, ஒரு தடவைகூட குனிஞ்சு கீழ பாக்கல. விதியில 'சைக்கிள்'னுதான் சொல்லி வச்சோம். இந்த வண்டி யாருக்குமே ஞாபகம் வரல.

— பாதை அறுத்துக்கிட்டுப் போயிருக்கும்க்கா. நீ கல் வைக்கலன்னா வளைவே இருந்திருக்காது.

— எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?

— கூட்டத்துல அந்தப் போட்டோவைக் காட்டின உடனே தெரிஞ்சுடுச்சு.

— அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்ல? பராமரிக்கப் போன ஆளே கெடுத்ததுன்னு தெரிஞ்சா மண்வெட்டியோட எல்லாரும் வீட்டுக்குப் போகணும்னு அவர் சொல்லி வாய் மூடல. நீ அந்தப் பெஞ்சுல உட்காந்ததெல்லாம் வீணாப் போயிடும். ஒருத்தன் திமிர்ல ஓட்டினான்னா ஒருத்தனோட போயிடும். அதான் எழுந்தேன். யோசிக்க எல்லாம் நேரம் இல்ல.

— அதுக்காக நான் உன்னை அத்தனை பேர் முன்னாடி... 'இவனை எல்லாம் சேத்துக்கிட்டதே என் தப்பு'ன்னு வேற சொன்னேனேடா.

— சொன்ன. அது கொஞ்சம் வலிச்சுது.

— கொஞ்சமா? வந்து ரெண்டு நாள் சாப்பிடல அண்ணி. சைக்கிளையே வித்துடலாமான்னு கேட்டார்.

— இந்தாக்கா சாவி. ஷெட்டுல வண்டியைப் பாத்தா யாராவது சக்கரத்தையும் கோட்டையும் சேத்துப் பாத்துடுவாங்களோன்னுதான் இங்க கொண்டாந்தேன். ஷெட்டைத் திறந்தா வண்டி எங்கன்னு நீ கேப்பியேன்னுதான் சாவியைத் தராம இழுத்தேன். இப்ப எடுத்துட்டுப் போ. நாளைக்குக் கேட்டைத் திறக்கிறப்போ நீ சிரிச்ச முகமா நிக்கணும். இது இந்த வீட்டோட இருக்கட்டும்.

— எப்படி இருக்கும்? வெள்ளைத் தொப்பி உன்னைப் பாத்து ஆயுசுக்கும் சிரிப்பாரு, நான் பக்கத்துல நின்னு மாலையை வாங்கிக்கணுமா? எவனோ ஒருத்தன் பண்ணினான்னு நினைச்சப்போ என்னமா குதிச்சேன்! இப்ப மட்டும் பொத்திக்கிட்டுப் போகணுமா? என்னை என்னன்னுடா நினைச்ச?

— கேட்டை மறுபடி மூடிடுவாங்கக்கா.

— மூடட்டும். அந்தப் பெஞ்சு அங்கதான் இருக்கு, எனக்கு உட்காரவும் தெரியும். ஏம்மா, அந்த மஞ்சச் சட்டை எங்க?

— துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன் அண்ணி. எடுத்துட்டுப் போறீங்களா?

— இவன்கிட்ட குடு. போட்டுக்கோடா. சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும். இப்ப அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடி, வண்டியைக் கீழ இறக்கணும்.

— எதுக்குக்கா?

— சேறு காஞ்சு கோடு இன்னும் அப்படியேதான் இருக்கு. நாளைக்கு ரேஞ்சர், வெள்ளைத் தொப்பி எல்லாரும் கேட்டுல நிக்கிறப்போ, அந்தக் கோட்டுல இந்தச் சக்கரத்தை வச்சு ஓடை வளைவு வரைக்கும் நான் தள்ளிக்கிட்டுப் போறேன். வெள்ளைத் தொப்பி அன்னைக்கு நின்ன அதே இடத்துல நின்னு, நீ போட்டோ எடு.