டிரம் இல்லாத பாட்டு

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ். முன் இருக்கையில் கறுப்பு டீசேர்ட் போட்ட இருவர். ஒருவர் மடியில் டிரம் குச்சிகள்.

"நமக்குப் பிடிச்ச மெட்டல் பேண்டோட புதுப் பாட்ட மூணு தரம் தாளம் போட்டு எண்ணிட்டேன் மச்சான். அவங்க வழக்கம் போல ஏழு அடி, பதினொரு அடின்னு எங்கயுமே தாளம் மாறல. முழுக்க வெறும் நாலடித் தாளம்."

"மெல்லமாப் பாடினா அவையின்ர பாட்டில்லையோ? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கு, அதான் பிரச்சினை. பாதிக்கு மேல டிரம்மே இல்ல. சனிக்கிழமை நம்ம மேடையில இத எடுத்தா நீ பாடுவ. நான் என்ன செய்ய?"

"அப்ப அதை விடுவம்."

குச்சிக்காரர் இயர்போனை மாட்டி அந்தப் பாட்டை மறுபடி போட்டார். பஸ் கெலிஓயாவுக்கு வந்தபோதுதான் கழற்றினார்.

"விடாத, பாடு. அந்தப் பாட்டுக்கு நான் கீழ எறங்கி, முன்வரிசையில நின்னு கேக்குறேன்."