மிஸ் எர்லீன் கடையில் அரிசி இல்லை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று, நம் பள்ளியின் இந்தப் பழைய மாணவியர் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் சொன்னார்கள். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு மளிகைக் கடை ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான்... உங்கள் கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. என் கணவர் இஞ்ஞாசிக்குக் கரீபியன் கடலில் ஒரு தீவில் வேலை. கடற்கரை முழுக்க உல்லாச விடுதிகள். அதில் ஒன்றில் இவர் குளிர்சாதன என்ஜினியர். நாங்கள் அங்கே போன இரண்டாம் மாதம் இவருக்குக் குடலில் புண், ரத்த வாந்தி. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "கஞ்சி மட்டும். வேறு எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது."

கஞ்சிதானே! நமக்குக் கஞ்சி வைக்கத் தெரியாதா?

விடுதிப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஆலிவ் காய் பதினோரு வகை. வெயிலுக்குப் பூசும் எண்ணெய் ஒரு சுவர் முழுக்க. அரிசி? இருந்தது. அட்டைப் பெட்டியில், மிளகாயும் மசாலாவும் கலந்து. குடல் புண்காரருக்கு அதைக் கொடுப்பதும் ஒன்றுதான், ஆணியைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

ஊருக்குள் மிஸ் எர்லீன் கடை இருக்கிறது, அங்கே எல்லாம் கிடைக்கும் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். கல்லாவில் ஒரு கனத்த அம்மாள். நேரே போய், "இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ பாசிப்பயறு, ப்ளீஸ்" என்றேன். கான்வென்ட் ஆங்கிலம், ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அவர் தெருவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தீர்ந்துபோச்சு" என்றார்.

அவருக்குப் பின்னால் மூட்டை இருக்கிறது! வாய் திறந்த மூட்டை. அரிசி எனக்குத் தெரிகிறது.

மறு வாரம் போனேன். "தீர்ந்துபோச்சு." அதற்கடுத்த வாரமும் போனேன். "தீர்ந்துபோச்சு."

வீட்டில் இவர் உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிட்டுவிட்டு, அதையும் கக்கிக்கொண்டிருந்தார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். பிறகு இன்னொன்று. ஒரு நாள் என்னிடம், "லூர்தம்மா, என்னை ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடு. நான் போற இடம் நம்ம மண்ணா இருக்கட்டும்" என்றார். வயது முப்பத்தொன்பது.

அன்று என் தங்கைக்குக் கடிதம் எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "இந்தத் தீவு மக்களுக்கு மரியாதை என்பதே தெரியாது."

நாலாம் முறை போனேன். நான் கேட்டு, அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மீன்காரர் உள்ளே வந்தார். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, "குட் மார்னிங் மிஸ் எர்லீன், குட் மார்னிங் எல்லாருக்கும்" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு அரிசி அவசரம்.

மீன்காரர் கேட்டது அரிசி. மிஸ் எர்லீன் அதே மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டார்!

எனக்கு வந்த கோபம்... "அப்போ அது என்ன? அரிசி இல்லையா?" என்று கத்தினேன்.

மிஸ் எர்லீன் முதல் முறையாக என்னைப் பார்த்தார். "மேடம், நாலு வாரமா என் கடைக்குள்ள வர்றீங்க. ஒரு நாளாவது என்னைப் பார்த்தீங்களா? மூட்டையைத்தான் பார்க்கறீங்க."

மீன்காரர் சொன்னார், "அவங்க மூட்டைக்கு குட் மார்னிங் சொல்லியிருப்பாங்க, மிஸ் எர்லீன். உங்க காதுல விழுந்திருக்காது."

கடையே சிரித்தது.

நான் இந்தப் பள்ளியில் பதினோரு வருஷம் படித்தவள். தினமும் எழுந்து நின்று "குட் மார்னிங் மதர்" என்று ராகம் போட்டவள். நன்னடத்தைக்கு ஏழு மெடல். அதில் ஒன்றை அந்தத் தீவுக்கும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் ஒரு கடைக்காரருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மதருக்குச் சொன்னேன். கலெக்டருக்குச் சொல்வேன். பருப்பு நிறுப்பவருக்கு எதற்கு?

என்ன செய்தேன்? வெளியே போனேன். படியில் ஒரு நிமிஷம் நின்றேன். பெல்ட் ஓட்டை கண்ணுக்குள் வந்தது. திரும்ப உள்ளே வந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே விதம்தானே... கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கு...ட் மா...ர்னிங் மிஸ் எ...ர்லீன்" என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார்கள்.

"குட் மார்னிங். இப்போ கேளுங்க" என்றார் மிஸ் எர்லீன். கேட்டேன். நிறுத்தார். நிறுத்துக்கொண்டே, "இவ்வளவு தூரம் வந்து இதை மட்டும் வாங்கறீங்களே, வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். சொன்னேன். உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கூவைக்கிழங்கு மாவு! நம் ஊரில் வயிற்றுக்குக் காய்ச்சிக் கொடுப்போமே, அதே மாவு. அவர்கள் ஊரிலும் அதற்குத்தான் கொடுக்கிறார்கள். "இதை முதல்ல கொடுங்க. அரிசி அப்புறம்" என்றார்.

ஆறு வாரத்தில் இவருடைய பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்தது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் என்னோடு இருந்தார்.

சரி... இப்போது உங்களைக் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்கிறோம். நம்மில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் மரியாதை என்பது, யாரிடம் நமக்குப் பயம் இல்லையோ அவரிடம் எப்படி நடக்கிறோம் என்பதுதான். உங்கள் கையில் இருக்கும் காபியை யார் கொடுத்தது? அவர் முகம் ஞாபகம் இருக்கிறதா? புடவை என்ன நிறம்? ...யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. "சர்க்கரை போதவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதோ, கதவோரம் தட்டோடு நிற்கிறார். வணக்கம் அம்மா. உங்கள் பெயர்? ...கொஞ்சம் சத்தமாக... ஞானப்பூ.

வணக்கம், ஞானப்பூ அம்மா.

இப்போது கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?