சீட்டில் ஒன்பது புள்ளிகள்

போனைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது, எப்போது கிடைக்கும் என்பதைத்தான். ஒரு மணி நேரம் என்றாலே முகம் வாடிவிடும். பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறேன் சார், இந்த அவசரம் எனக்குப் பழகிவிட்டது.

அவசரத்தில் இருப்பவர்கள் லாக்கைக் கேட்டால் யோசிப்பதே இல்லை. எங்கள் கடைச் சீட்டில் ஒன்பது புள்ளிகள் அச்சடித்த கட்டம் ஒன்று உண்டு. திரையில் எப்படிக் கோடு இழுப்பீர்களோ, அதை அங்கே வரைந்து தந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் டச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அது தேவை. டாக்டர் வரைந்திருக்கிறார், வக்கீல் வரைந்திருக்கிறார், உங்கள் ஸ்டேஷன் ஆட்களும் வரைந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை. படங்களைப் பார்ப்பேன், சிலதை என் கம்ப்யூட்டரில் எடுத்து வைப்பேன், அவ்வளவுதான். வெளியே ஒன்றும் போனதில்லை.

அந்தப் பெண் போன வியாழக்கிழமை மத்தியானம் வந்தாள். போனின் இடது மூலை நொறுங்கி, திரை முழுக்க விரிசல். சீட்டில் நம்பரை மட்டும் எழுதினாள். பெயர் இல்லை. கட்டத்தையும் காலியாக விட்டாள்.

"லாக்கையும் போட்டுடுங்கம்மா," என்றேன்.

"வேணாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். டெஸ்ட் பண்ணும்போது சொல்லுங்க, நானே திறந்து தர்றேன்."

"ஒரு மணி நேரம் ஆகும்மா."

"பரவாயில்ல."

பெரிய ராணுவ ரகசியம். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், என்னிடம் வருடக்கணக்காக வருகிறவர், "அப்ப நானும் நிக்கிறேன், அந்தச் சீட்டைக் கொடுங்க" என்று வாங்கித் தான் வரைந்த கோட்டைக் கிறுக்கி அழித்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் லாக்கைத் திறக்கும்போது, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க," என்றாள். என் கடையில், என்னைப் பார்த்து. திரும்பிக்கொண்டேன்.

அவள் போன பிறகுதான் உறைத்தது, இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று. திருட்டுப் போன் வந்தால் தகவல் சொல்ல மெக்கானிக்குகள் நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால் அதில் இவள் படம் வந்திருந்தது. கணவன் ஒரு மெக்கானிக்கைப் பிடித்துப் போடவைத்தது. மனைவியையும் மகளையும் காணவில்லை, போனில் இடது மூலை உடைந்திருக்கும், திரை மாற்ற யார் கடைக்காவது வருவாள், வந்தால் என் நம்பருக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். கீழே ஒரு மெக்கானிக்கின் பதில்: "எந்த மூலை உடைஞ்சதுன்னு தெரியுதுன்னா இவன்தான் தூக்கி அடிச்சிருக்கான். யாரும் சொல்லிடாதீங்கப்பா, பாவம்."

அந்தப் பதிலைப் படிக்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். படித்தேன். அதற்குக் கட்டைவிரல் தூக்கின பொம்மைகூடப் போட்டேன்.

நம்பரை வைத்துத் தேடினேன். ஆள் படு உஷார்தான். முகம் இல்லை, பெயர் இல்லை. ஒரே ஒரு விளம்பரம் இருந்தது, வீட்டிலேயே துணி தைத்துத் தரப்படும் என்று. படத்தில் ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். பெரிதாக்கிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே தெருப் பெயரோடு ஒரு பல் டாக்டரின் போர்டு தெரிந்தது. என்னிடம் லாக்கை மறைத்தவள், ஜன்னலை மறைக்க மறந்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். போர்டுக்கு எதிரே இரண்டாவது மாடியில் ஒரு சின்னக் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் மறுபடி போய் நின்றேன். ஏழே முக்காலுக்கு மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, அவள் தனியாக மாடி ஏறினாள்.

தெரு, வீடு, மாடி எல்லாவற்றையும் அன்றே கணவனுக்கு அனுப்பினேன். "நன்றிண்ணே," என்று பதில் போட்டான். மரியாதையான ஆள். ஏழே முக்காலுக்குப் பிறகு போ என்பதையும் நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை கண் முன்னால் நடக்கக் கூடாது பாருங்கள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவன் செய்ததை நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். எதற்காக அவளைத் தேடுகிறான் என்று தெரிந்துதான் அனுப்பினேன். ஒளிக்க ஒன்றுமில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் போனா? இந்தாருங்கள். லாக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடு என்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம் சார். மகள் படங்கள், வீட்டு விஷயங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. நானே திறந்து தருகிறேன். நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.