மூணு நெகட்டிவ்

டெலோரிஸ்: கண்ண மூடிக்கிட்டே வா... ம், இப்பத் திற.

வெர்னெட்டா: என்னக்கா இது, கேக்கா?

டெலோரிஸ்: மூணு அடுக்கு. மேல எழுதியிருக்கிறத வாசி.

வெர்னெட்டா: "நெகட்டிவ்... நெகட்டிவ்... நெகட்டிவ்." அய்யோ அக்கா.

டெலோரிஸ்: ஆராதனைல சபையே எழுந்து நின்னு மூணு தடவ "நெகட்டிவ்"னு சொல்லணுமாம். பாஸ்டர் ஏற்பாடு.

வெர்னெட்டா: மார்புல கட்டின்னு உங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்.

டெலோரிஸ்: நல்ல சேதிதானேடி. நீதானே போன்ல சொன்ன, பயாப்சி ரிசல்ட்டு வந்திருச்சு, மூணும் நெகட்டிவ்னு.

வெர்னெட்டா: பாதியிலயே அல்லேலூயான்னு கத்திட்டு போன வச்சுட்ட.

டெலோரிஸ்: மீதி என்ன?

வெர்னெட்டா: புத்துநோய்தான், அக்கா.

டெலோரிஸ்: நெகட்டிவ்னா இல்லன்னுதானே அர்த்தம்.

வெர்னெட்டா: இல்லதான், ஆனா இல்லாதது நோய் இல்ல, கொக்கி. மாத்திரை மாதிரி மருந்து மாட்டுறதுக்குக் கட்டியில மூணு வகைக் கொக்கில ஒண்ணாவது இருக்கணுமாம். எனக்கு மூணுமே இல்ல.

டெலோரிஸ்: கடைக்காரன் இந்தக் கேக்கத் திருப்பி எடுக்க மாட்டானே.

வெர்னெட்டா: அக்கா...

டெலோரிஸ்: எங்க ஆபீஸ்ல கேரல்னு ஒரு வெள்ளக்காரி, அவளுக்கும் வந்துச்சேடி. தெனம் ஒரு மாத்திரை. அஞ்சு வருஷமா கோல்ஃப் ஆடிக்கிட்டுத் திரியுறா.

வெர்னெட்டா: அவ கட்டி வேற. அந்த மாத்திரை இதுக்கு ஒண்ணும் பண்ணாது. இந்த வகை வெள்ளக்காரிங்கள விட நம்ம கறுப்புப் பொம்பளைங்களுக்கு ரெண்டு மடங்கு வருதாம். அதுவும் சின்ன வயசுல.

டெலோரிஸ்: இந்த மெம்பிஸ் ஊர்ல நமக்கு எதையும் கூடுதலாக் கொடுத்ததில்ல. கடைசில இதக் கொடுத்திருக்காங்க.

வெர்னெட்டா: சிரிக்க வைக்காத, பயாப்சி தையல் வலிக்குது. மொத டாக்டரு கொழுப்புக்கட்டி, வயசு கம்மின்னு நாலு மாசம் ஓட்டிட்டான். இது வேகமா வளர்றதாம்.

டெலோரிஸ்: வைத்தியம்...?

வெர்னெட்டா: கீமோ இருக்கு. சீக்கிரம் பாத்தா நல்லாவே கேக்குமாம். செவ்வாக்கிழம மொத ஊசி.

டெலோரிஸ்: மேல ஆராதனைல பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க. நாப்பது கிலோ மீன் பொரிச்சு வச்சிருக்கு. என்னடி சொல்லுவேன்?

வெர்னெட்டா: சாப்பிட்டதுக்கப்புறம் நானே சொல்றேன். பசியோட கேட்டா என்னையே குத்தம் சொல்லுவாங்க... ஏய், நீ ஏன் அழற? அழ வேண்டியவ நான்.

டெலோரிஸ்: நீ நெகட்டிவ்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. ஒரே ரத்தந்தானே, நமக்கும் ஒண்ணும் இருக்காதுன்னு...

வெர்னெட்டா: நமக்குமா? என்னக்கா சொல்ற?

டெலோரிஸ்: செவ்வாக்கிழம கார்ல எனக்கும் எடம் வை. இடது பக்கம் ஒரு கட்டி... ஈஸ்டர்லருந்து இருக்கு.