மூன்றாம் இருக்கையின் சிரிப்பு

நீதிமன்றம் நியமித்த ஆணையரின் அலுவலக அறையில், முற்பகல் பதினொன்று பத்துக்கு, சாட்சி தன் வாயால் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யப்பட்டது.

என் பெயரும் வீட்டு முகவரியும் இத்துடன் இணைத்த தனித்தாளில் உள்ளன. எனக்கு வயது நாற்பத்து நான்கு. கல்லூரியில் உளவியல் படித்தேன். திருமணம் ஆகவில்லை. தங்கையுடன் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். பதினொரு ஆண்டுகள் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில், பிறர் பேசிய தொலைபேசி அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் வேலை பார்த்தேன். கடந்த மூன்று ஆண்டுகளாகக் கணினி விளையாட்டுப் போட்டிச் சங்கத்தில் நடத்தை நடுவராக இருக்கிறேன். என்னை யாரும் வற்புறுத்தி அழைத்து வரவில்லை. சங்கத்தின் வழக்கறிஞர் எனக்கு எதிரில் இருக்கிறார். சங்கம் விதித்த ஓராண்டுத் தடையை எதிர்த்து வழக்குப் போட்ட மனுதாரர் சன்னலோரம் தன் வழக்கறிஞருடன் உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பெண். விளையாட்டுக்குள் சுவரோரமாக ஊர்ந்து வந்து சுடுவதால் அவரை நத்தை என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நடத்தை நடுவரின் வேலை இது. மேடையில் ஒரு அணிக்கு ஐந்து பேர் ஐந்து கணினிகளுக்கு முன் உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால், இரண்டடி உயரத்தில் ஒரு மேசை போட்டு நான் உட்காருவேன். அவர்கள் தங்களுக்குள் பேசுவது முழுவதும் என் ஹெட்போனில் விழும். விதிப்புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். அதற்கு ஒவ்வாத சொல், சத்தம், சைகை எது வந்தாலும் நேரத்தோடு குறித்து, எந்த இருக்கை என்று எழுதிப் பத்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒரு பருவத்தில் மூன்று மஞ்சள் அட்டை வாங்கினால் ஓராண்டுத் தடை. நான் அணியிடம் ஏதும் அறிவிக்க வேண்டுமானால் மேசைக்கடியில் உள்ள கால்மிதியை அழுத்த வேண்டும். அழுத்தினால் என் மைக் திறக்கும், மேசை விளிம்பில் சிவப்பு விளக்கு எரியும். ஐந்து பேரின் குரலும் என் குரலும் ஒரே தடத்தில் பதிவாகும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. உட்கார்ந்தால் கால் ஆட்டும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதல் உண்டு. இப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

பதினான்காம் விதியைப் பற்றி ஆணையர் கேட்டதால் சொல்கிறேன். எதிரணியினர் வீழ்ந்த நேரத்திலோ அவர்களுடைய கருவி பழுதான நேரத்திலோ சிரிப்பது அவமதிப்பு என்பது அந்த விதி. அதை எழுதியது நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் ஒரு பெண்ணின் கணினி உறைந்து நின்றுவிட்டது. எதிரணி ஐந்து பேரும் விடாமல் நாற்பது விநாடி சிரித்தார்கள். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி, அதன் கம்பியை நிதானமாகச் சுருட்டி வைத்துவிட்டு, அரங்கத்தை விட்டு வெளியே போனாள். திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு சங்கம் என்னைக் கேட்டபோது நான் ஒரே மாலையில் அந்த விதியை எழுதிக் கொடுத்தேன். சிரிப்பு என்று எழுதியபோது அந்த நாற்பது விநாடிதான் என் காதில் இருந்தது. வேறு மாதிரிச் சிரிப்பும் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

சம்பவம் நடந்தது அரையிறுதிப் போட்டியில், பிற்பகல் மூன்று மணி அளவில். நத்தையிடம் அதற்கு முன்பே இரண்டு மஞ்சள் அட்டை இருந்தது. ஒன்று, விளையாட்டுக்குள் வீழ்ந்த எதிராளியின் முன் மூன்று முறை குனிந்து எழுந்ததற்கு. இன்னொன்று, "நல்லா தூங்கு" என்று திரையில் எழுதியதற்கு. இரண்டையும் குறித்தவள் நானே. அதன் பிறகு அவர் யாருக்கும் குற்றம் சொல்ல இடம் கொடாமல் பேசத் தொடங்கியிருந்தார். அணியினரைக்கூட "தாங்கள்" என்றுதான் சொல்வார். மற்றவர்கள் தேர்வு எழுத வந்தவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். அவர் மட்டும் தேர்வு நடத்துகிறவர்களைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

அன்று நத்தை எதிரணியின் இரண்டாம் இருக்கைக்காரரைச் சுட்டு வீழ்த்தினார். அதே கணத்தில் அந்த இளைஞர் கையைத் தூக்கி, தன் கீபோர்டு வேலை செய்யவில்லை என்றார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. நிறுத்தியிருக்கும்போது இரண்டு அணிகளின் ஒலித்தடமும் ஒன்றாக இணைக்கப்படும். எல்லோரும் எல்லோரையும் கேட்கலாம். வேறு கீபோர்டு கொண்டுவரப் போனார்கள். ஏழு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பத்து பேரும் மூச்சு விடுவது மட்டும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேனாவை மூடினேன், திறந்தேன். அதன் பிறகு நத்தை, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல், பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் வாசிக்கும் குரலில் சொன்னது இது:

"உயர்திரு எதிரணி இரண்டாம் இருக்கை அவர்களுக்கு. தங்கள் கீபோர்டு உடல்நலமின்றி இருந்த நேரத்தில் தங்களைச் சுட்டுவிட்டபடியால், தாங்கள் தயவுகூர்ந்து உயிரோடு எழுந்து வந்து மறுபடியும் ஒருமுறை சுடுபடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள நத்தை."

மூன்று விநாடி கழித்து அந்த இளைஞர், "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்றார்.

அதைக் கேட்டு நான் சிரித்தேன். என் கால் மிதியின் மேல் இருந்தது.

அந்தச் சிரிப்பு என் ஹெட்போனிலும் கேட்டது. தன் குரலைக் கருவி வழியாகக் கேட்டால் பிறர் குரல் போலத்தான் இருக்கும். யாரோ சிரித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உடனே எதிரணியின் பயிற்சியாளர் எழுந்து நின்று, "எங்க பையன் கீபோர்டு போய் உக்காந்திருக்கான், இங்க சிரிச்சு கும்மாளம் போடறாங்க, எழுதுங்க மேடம்" என்றார். அந்தப் பையன் தன் பயிற்சியாளரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் படிவத்தைத் திறந்தேன். நத்தை சொன்ன வாசகத்தில் விதிக்கு மாறான சொல் ஒன்றுகூட இல்லை. அந்த இளைஞரின் பதிலிலும் இல்லை. சிரிப்பு மட்டும்தான் குற்றம். படிவத்தில் சிரித்தவர் என்ற இடத்தில் ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள் உண்டு. நடுவருக்குக் கட்டம் கிடையாது. அந்த அணியில் கடைசியாகப் பேசியவர் மூன்றாம் இருக்கையிலிருந்த நத்தை என்பதால் மூன்றைத் தொட்டு அனுப்பினேன். மணி மூன்று பதினாறு.

அதன் பிறகு கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தபோது சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். படிவத்தைத் திருத்த இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நான் காலை எடுத்தேன். விளக்கு அணைந்தது. நான்கு நிமிடமும் திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தின்போது சிரிக்கும் நடுவரின் உரிமம் ரத்தாகும் என்று ஒன்பதாம் விதி சொல்கிறது. அதையும் மனப்பாடமாக அறிவேன். மூன்று இருபதுக்குப் படிவம் பூட்டிக்கொண்டது.

போட்டி முடிந்து, ஒப்பனை அறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே உள்ள நடையில் நத்தை என்னை மறித்தார். கோபமாக இல்லை. "மேடம், நான் சிரிக்கல. ஜோக்கு சொன்னா நானே சிரிக்கக் கூடாதுங்கறது என் கொள்கை. சின்ன வயசுலேருந்து" என்றார். "பதிவுல இருக்கு" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப எனக்குள்ள இருந்து வேற யாரோ சிரிச்சிருக்காங்க. பார்த்தா சொல்லுங்க, நானும் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் தடை ஆணை வந்தது. இந்தத் தொழிலில் இருபத்தைந்து வயதுக்கு மேல் கைவேகம் குறைந்துவிடும் என்பார்கள். இருபத்திரண்டில் ஓராண்டு உட்கார வைத்தால், திரும்பி வரும்போது இடம் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அடுத்த எட்டு நாட்கள் வேலைக்குப் போய் வந்தேன்.

அந்த நாட்களில் பேருந்தில் உட்கார முடியாமல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன். வீட்டில் கரண்டிகளை அளவு வாரியாக அடுக்கினேன், கலைத்து மறுபடி அடுக்கினேன். மூன்றாம் நாள் காலை, பல் மருத்துவமனைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் தங்கை கைபேசியில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நத்தைக்காகப் பேசுகிறவர்கள் அந்தப் பதிவைப் பரப்பியிருந்தார்கள். பிறகு சமையலறைக்கு வந்து, "அக்கா, இது நம்ம வீட்டுச் சிரிப்பு" என்றாள். நான் இல்லை என்றேன். "மூக்குல ஆரம்பிச்சு, நடுவுல மூச்சு நின்னு, அப்புறம் மறுபடி கிளம்புது. அம்மாவுக்கும் உனக்கும்தான் இப்படி. நீ சிரிச்சு நாளாச்சு, அதான் உனக்கே மறந்துடுச்சு" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணு பாவம்க்கா. அடுத்தவங்க சிரிப்ப சுமக்கறா" என்றாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் உப்பு இருக்கிறதா, சாவி இருக்கிறதா என்பதற்கு மேல் அவள் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் சங்கச் செயலாளரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "விட்டுடுங்கம்மா. நடுவரே சிரிச்சாங்கன்னு வெளிய தெரிஞ்சா, இந்தப் பருவம் முழுக்க நீங்க போட்ட இருநூத்துப் பன்னெண்டு குறிப்பும் சந்தி சிரிக்கும்" என்றார். பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு நான் நத்தையின் வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினேன்.

விதிகளே வேண்டாம் என்கிறீர்களா என்று சங்க வழக்கறிஞர் கேட்டதற்கு என் பதில்: இல்லை. கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போன பெண்ணை நான் மறக்கவில்லை. பதினான்காம் விதியை அடிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளில் ஒன்றுகூட, ஒருவர் சொன்னதை எதிராளி எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைச் சொல்லவில்லை. எதிரணி இளைஞர் பதில் விளையாட்டு விளையாடினார். புண்பட்டவர் அங்கே யாரும் இல்லை. அதைக் குறிக்கப் படிவத்தில் இடம் இல்லை, நானும் கேட்கவில்லை. பத்து பேர் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் அறையை நான் மூன்று ஆண்டுகளாக ஒழுங்கு என்று எழுதி வந்திருக்கிறேன்.

அதன் பிறகு சங்க வழக்கறிஞர், சிரிப்பு என்னுடையது என்பதற்கு என் சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை என்றார். ஆணையர் ஒப்பீட்டுக்காக ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, என்னைச் சிரிக்கும்படி கேட்டுக்கொண்டார். நான் முயன்றேன். வரவில்லை. இரண்டாம் முறை இருமல் போல வந்தது. மூன்றாம் முறை வந்ததைத் தட்டச்சர் எப்படி அடிப்பது என்று ஆணையரைக் கேட்டார். அடிக்க வேண்டாம் என்றார் ஆணையர். செயற்கையானது ஒப்பீட்டுக்கு உதவாது என்று சங்க வழக்கறிஞர் ஆட்சேபித்தார். அது நியாயமான ஆட்சேபம். ஓராண்டுத் தடையை நான் வாய் திறந்து நீக்க வேண்டிய இடத்தில் வாய் ஒத்துழைக்கவில்லை.

அப்போது நத்தை கையைத் தூக்கி, ஆணையரிடம் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்ததும் எழுந்து நின்று, அதே விடுப்பு விண்ணப்பக் குரலில் சொன்னார்: "உயர்திரு ஆணையர் அவர்களுக்கு. சாட்சி அவர்களுக்குக் கடந்த சில வாரங்களாகச் சிரிப்பு உடல்நலமின்றி இருப்பதால், அதற்குப் பதிலாக நான் ஓராண்டு வீட்டில் படுத்திருக்க நேர்ந்துள்ளது. ஆகவே அது குணமாகும் வரை சங்க வழக்கறிஞர் ஐயா அவர்கள் சற்றுச் சிரித்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

சங்க வழக்கறிஞர், "பரிசீலிக்கிறேன்" என்றார். அவர் அதை வேண்டுமென்றே சொன்னாரா என்று தெரியாது. நான் சிரித்தேன். மூக்கில் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி கிளம்பியது. பதினொரு விநாடி என்று கருவி காட்டியது. தட்டச்சரும் சிரித்தார். சங்க வழக்கறிஞர் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அந்தப் பதினொரு விநாடியும் நத்தை நின்ற இடத்தில் நேராக நின்றார், உதடுகூட அசையவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுமாறு ஆணையரைக் கேட்டேன். குறித்துக்கொண்டார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் "சிரிப்பு வந்துவிட்டது" என்று தட்டச்சாகியிருந்ததை அடித்து, "நான் சிரித்தேன்" என்று திருத்தி, ஓரத்தில் சிற்றொப்பம் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே. கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. என் காலை மிதியிலிருந்து எடுத்தபின் சொன்னது.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
ஆணையர்