வெறுங்கடி

விரியனுக்குச் சாப்பாடு போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. பொறுமை இருந்தால் போதும். பாம்புக் கூடத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன். மலைப்பாம்பு பிடித்த பிடியை விடாது, சுற்றி இறுக்கும். விரியன் ஒரே கொத்தோடு விட்டுவிடும். பிடித்துக்கொண்டே இருந்தால் எலி திருப்பிக் கடிக்குமே. எலி ஓடும். விரியன் பதறாது. எலி எங்காவது விழட்டும் என்று இருந்துவிட்டு, நாக்கை நீட்டி நீட்டி, போன தடத்தை மோந்துகொண்டே போகும். தலைப் பக்கமாக விழுங்கும். அப்போதுதான் கால்கள் மடங்கித் தொண்டையில் சிக்காமல் இறங்கும்.

"மெல்லாம முழுங்குதே, அதோட அம்மா திட்ட மாட்டாங்களா?" என்று ஒரு குழந்தை கேட்டது. எல்லோரும் சிரித்தோம். தம்பிதான் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

அவன் என் கூடப் பிறந்தவன் இல்லை. எனக்கு உதவியாளாக வந்தவன். முன்பு வேன் ஓட்டியவன். பாம்பென்றால் உள்ளுக்குள் நடுக்கம், ஆனால் வாய் நிறைய அக்கா, அக்கா என்பான். நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போன வருஷம் நான் ஒரு கூண்டைச் சரியாகச் சாத்தாமல், பாம்பு பார்வையாளர் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் மேலாளர். எனக்கு வீடு என்று இருந்ததே அந்தக் கூடம்தான்.

சம்பவம் நடந்த அன்று காலை, கூண்டைக் கழுவுவதற்காக விரியனைப் பக்கத்துக் கூண்டுக்கு மாற்ற வேண்டும் என்று இருந்தேன். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். மறந்துவிட்டேன். தம்பி எலி அறையைக் கழுவிவிட்டு நேராக வந்தான்.

"அக்கா, விரியன் கூண்டுக்குள்ள ஆள் இருக்கா?"

"காலிதான்டா. அது படுக்கிற மரப்பெட்டிய எடுத்துக் கழுவு."

பெட்டிக்குள் கையை விட்டான். கத்தக்கூட இல்லை. கையை உதறிக்கொண்டு நின்றான். விரலில் இரண்டு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். நான் கம்பியால் கதவைத் தள்ளிச் சாத்தினேன்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

பெரிய ஆஸ்பத்திரி பக்கம்தான். டீ ஆறுவதற்குள் போய்விடலாம். விஷமுறிவு மருந்தும் இருந்தது. ஆனால் போனால் யார், என்ன, கூண்டு ஏன் காலியாக இல்லை என்று கேட்பார்கள்.

"வெறுங்கடிடா இது. பாம்பு சும்மா மிரட்டும்போது விஷம் இறக்காது. என்னையும் ஒரு தடவை கடிச்சுதே, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கல?"

அது உண்மை. என்னைக் கடித்தது வெறுங்கடிதான். உண்மையைச் சேர்த்துச் சொன்னால் எதையும் நம்புவார்கள். அவன் முகத்தில் உயிர் வந்தது. விரலில் மருந்து வைத்துக் கட்டினேன். வீட்டில் கேட்டால் தகரம் கிழித்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். "உங்களுக்குக் கெட்ட பேரு வர விடுவேனாக்கா?" என்றான்.

வெறுங்கடி என்று நானும் நம்பினேனா என்றுதானே கேட்கிறீர்கள்? நம்பத்தான் பார்த்தேன். ஆனால் அவனைக் கட்டுப்போட உட்கார வைத்தபோது கண்ணாடிக்குள் பார்த்தேன். மிரட்டிக் கடித்த பாம்பு சுருண்டு சீறிக்கொண்டு கிடக்கும். இது கிடக்கவில்லை. அன்று அதற்கு இரை போடும் நாள். அவன் கையெல்லாம் எலி வாசனை. அது பெட்டியை விட்டு மெதுவாக வெளியே வந்து, நாக்கை நீட்டி நீட்டி, அவன் கை உரசிய விளிம்பு வழியாகக் கதவு வரை வந்தது. கொத்திய இரையைத் தேடி வந்தது. இரையில் விஷம் இறங்காமல் விரியன் இப்படித் தேடி நான் பார்த்ததில்லை.

அவன் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. திரும்பாதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போன் செய்தான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அக்கா, வாய் கொப்பளிச்சா ரத்தமா வருது. அப்படி வருமா?"

"பல் ஈறு வீக்கமா இருக்கும். உப்புத் தண்ணி வெச்சுக் கொப்பளி. படுத்துத் தூங்கு."

"சரிக்கா."

மறுநாள் அவன் சாவுக்குப் போனேன். அவன் மாமியார் சுவரில் சாய்ந்திருந்தார். அவன் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்டயாவது அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நீங்க சொன்னா கேட்டிருப்பாரே" என்று அழுதாள். பக்கத்திலேயே இருந்தும் கவனிக்கவில்லை என்று அவளைத்தான் சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஆமாம்மா, சொல்லியிருக்கலாம் என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் என் தோளில் கொஞ்ச நேரம் தூங்கிக்கூடப் போனாள். அந்தக் கனம் இறங்கவில்லை. அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் கெட்டவள் இல்லை, ஐயா. அவன் சாக வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைத்ததில்லை. அன்று சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டிருந்தால், விழுந்தடித்துக்கொண்டு ஓடு என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு போன் அடித்தது என்னவோ உண்மைதான். அவன் பெயர்தான் தெரிந்தது. நான் எடுக்கவில்லை.